ஏறித் திரும்பும் எண்கள்

மில்டன் கீன்ஸ் நூதனசாலையில் பழைய தொலைபேசி நிலையக் கருவிகளை இயக்கிக் காட்டுகிறார்கள். மகளுடன் போயிருந்தேன். அவள் ஐந்தைச் சுழற்ற, ஒரு தண்டு டக் டக்கென்று ஐந்து படி ஏறியது. இரண்டைச் சுழற்ற, பக்கவாட்டில் இரண்டு அடி திரும்பியது. மற்றப் போனில் மணி அடித்தது. "அப்பா, நம்பர் நடக்குது!" என்றாள்.

பத்துப் படி, படிக்குப் பத்து முனை. ஒரு கருவிக்குள் 100 இணைப்புகள்.

இதைக் கண்டுபிடித்த அமெரிக்கர் அல்மன் ஸ்ட்ரோஜர், பிரேத அடக்கத் தொழில் செய்தவர். தனக்கு வரும் அழைப்புகளை ஒப்பரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுவதாக ஐமிச்சப்பட்டாராம். 1891 இல் காப்புரிமை பெற்றார். 1892 இல் லாபோர்ட் நகரில் முதல் தானியங்கி நிலையம் திறந்தது. பிரித்தானியாவில் 1912 இல் எப்சமுக்கு வந்த முறை, 1995 இல் முற்றாக நின்றது.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் இது வெறும் இரும்பு. ஓட வேணுமென்றால் தொடுமுனை துடைக்கவும் கம்பி நிமிர்த்தவும் தெரிந்த கை வேணும். அந்தக் கைகளுக்கோ வயதாகிவிட்டது. பொருளைச் சேர்க்கலாம், பழக்கத்தைப் பக்கத்தில் நின்றுதான் பழக வேணும்.

இந்தப் புத்தாண்டில் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் அவர்களின் கைவேலையைக் கேட்டுப் பழகுங்கோ.