700 கோடி போன வழி

சுருளிப்பட்டிக்காரருக்கு மழை எங்கே பெய்கிறது என்பது முக்கியம். பன்னீர் திராட்சை பழுத்து நிற்கும்போது பந்தல் மேல் பெய்தால் நஷ்டம். மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் பெய்தால் லாபம். பெரியாற்றில் தேங்கும் அந்தத் தண்ணீர்தான் சுரங்கம் வழியாக லோயர்கேம்ப்புக்கு இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல்களுக்குப் பாய்கிறது.

2018 ஆகஸ்ட்டில் இந்தக் கணக்கு செல்லவில்லை. ஆகஸ்ட் 9 அன்று, 26 ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக, இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகைத் தூக்கினார்கள். ஆகஸ்ட் 15 அதிகாலை முல்லைப்பெரியாறு மதகுகளும் திறந்தன. அணை 142 அடியைத் தொட்டது. நம் பக்கம் சுரங்கத்தில் இழுக்க முடிந்தது விநாடிக்குச் சுமார் 2,300 கனஅடிதான். மிச்சமெல்லாம் வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு வழியாக இடுக்கிக்குப் போனது. கேரளத்தின் 54 அணைகளில் 35 திறந்துவிடப்பட்டன. 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண முகாம்களில் இருந்தார்கள். வெள்ளத்துக்குத் தமிழ்நாடு திடீரென்று தண்ணீர் திறந்ததும் ஒரு காரணம் என்று கேரள அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது, தமிழ்நாடு மறுத்தது. அந்த வழக்கைப் பற்றிப் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். இங்கே சொல்ல வந்தது வேறு: அந்த வெள்ளத்தில் பிறந்த ஒரு தொகையின் கதை.

ஆகஸ்ட் 21 அன்று திருவனந்தபுரத்தில் செய்தியாளர்களிடம் பேசிய கேரள முதலமைச்சர் பினராயி விஜயன், ஐக்கிய அரபு அமீரகம் 700 கோடி ரூபாய் தரப்போகிறது என்றார். அன்றைய மதிப்பில் பத்துக் கோடி டாலர். அபுதாபி பட்டத்து இளவரசர் முகமது பின் சையத் இதைப் பிரதமர் மோடியிடம் தெரிவித்துவிட்டார் என்றும், பக்ரீத் வாழ்த்துச் சொல்லப் போன தொழிலதிபர் எம்.ஏ.யூசுப் அலியிடமும் சொன்னார் என்றும் முதலமைச்சர் விளக்கினார். கடிதம் இல்லை, ஒப்பந்தம் இல்லை. வாய்வார்த்தையாகவே வந்த எண் அது. மூன்று நாள் முன்னதாக, துபாய் ஆட்சியாளர் முகமது பின் ரஷீத்தின் உதவி முன்வருகைக்கு மோடி ட்விட்டரில் நன்றி சொல்லியிருந்தார். அதில் தொகை எதுவும் இல்லை.

மத்திய அரசு அதுவரை அறிவித்திருந்த உதவி 600 கோடி. மறுநாள் பேச்சு முழுக்க இந்த ஒப்பீடுதான்: சொந்த டெல்லி 600, அந்நிய அபுதாபி 700. அந்த எண்ணைக் கொன்றது கொள்கை பாதி, இந்த ஒப்பீடு பாதி என்பது என் கணிப்பு. நூறு கோடி குறைத்துச் சொல்லியிருந்தால் இவ்வளவு ரோஷம் வந்திருக்காது.

ஆகஸ்ட் 22 அன்று வெளியுறவு அமைச்சகம் பதில் சொன்னது. நிவாரணத்தையும் மறுவாழ்வையும் உள்நாட்டு முயற்சியாலேயே பார்த்துக்கொள்வோம், வெளிநாடுவாழ் இந்தியர்களும் வெளிநாட்டு அறக்கட்டளைகளும் பிரதமர், முதலமைச்சர் நிவாரண நிதிகளுக்குக் கொடுக்கலாம், அரசுகள் வேண்டாம். தாய்லாந்துத் தூதர், தங்கள் நாட்டு உதவியையும் இந்தியா ஏற்கவில்லை என்று வருத்தத்தோடு எழுதினார். அடுத்த ஓரிரு நாளில் அமீரகத் தூதர் அகமது அல்பன்னாவே, குறிப்பிட்ட தொகை எதையும் தங்கள் நாடு அதிகாரப்பூர்வமாக அறிவிக்கவில்லை, தேவை என்ன என்று இன்னும் மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னார். ஆக, கொடுப்பவர் கொடுத்ததாகச் சொல்லவில்லை, வாங்குபவர் வாங்க மாட்டேன் என்றார், நடுவில் நின்றவர் வரப்போகிறது என்றார்.

இந்த மறுப்புக்கு வயது அப்போது 14. 1993 லாத்தூர் நிலநடுக்கத்துக்கும் 2001 புஜ் நிலநடுக்கத்துக்கும் இந்தியா வெளிநாட்டு உதவியை வாங்கியது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோதுதான், எங்களால் சமாளிக்க முடியும் என்று மன்மோகன் சிங் அரசு நிறுத்தியது. நாகப்பட்டினம் அழுதுகொண்டிருந்த அதே நாட்களில் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் நம் கப்பல்கள் உதவி கொண்டுபோயின. அதில் ஒரு மிடுக்கு இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் அது சட்டம் அல்ல, வழக்கம். 2016ஆம் ஆண்டின் தேசியப் பேரிடர் மேலாண்மைத் திட்டம், நாமாகக் கேட்க மாட்டோம், நல்லெண்ணத்தோடு ஒரு நாடு தானாக முன்வந்தால் ஏற்கலாம் என்கிறது. கேரள நிதியமைச்சர் தாமஸ் ஐசக் அதைத்தான் எடுத்துக் காட்டினார். முன்னாள் வெளியுறவுச் செயலர் சிவசங்கர் மேனனும், 2004இல் தவிர்த்தது மீட்புப் பணியில் வெளிநாட்டார் பங்கெடுப்பதைத்தான், நீண்டகால மறுசீரமைப்புக்கான உதவியை அல்ல என்று நினைவூட்டினார்.

எண் நின்றுபோன இடத்தில் மற்றவையெல்லாம் தாராளமாக நடமாடின. நிவாரணப் பொருள் இறக்குமதிக்குச் சுங்க வரியும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டியும் டிசம்பர் 31 வரை தள்ளுபடி. வெள்ளம் புகுந்த கொச்சி விமான நிலையம் ஆகஸ்ட் 29 வரை மூடிக்கிடந்ததால், எமிரேட்ஸ் சரக்கு விமானங்கள் 175 டன்னுக்கு மேல் பொருட்களைத் திருவனந்தபுரத்துக்கு ஏற்றி வந்தன. தமிழ்நாடு அரசு பத்துக் கோடி ரூபாயோடு அரிசி, பால்பவுடர், போர்வை என்று அனுப்பியது. இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தினமும் ஜீப்பில் போய்வரும் கூலிக்காரர்களுக்கு அது பிற மாநில உதவியே இல்லை. கூலியும் சொந்தமும் மலைக்கு மேலேதான் இருந்தன. துபாயிலும் ஷார்ஜாவிலும் சம்பளம் வாங்கும் மலையாளிகள் கொடுத்ததும் தடையில்லாமல் வந்து சேர்ந்தது. முதலமைச்சர் நிவாரண நிதியில் மொத்தம் 4,000 கோடிக்கு மேல் சேர்ந்தது. துபாய்க் கம்பெனியின் ஊழியர் கொடுத்தால் நன்கொடை, துபாயின் ஆட்சியாளர் கொடுத்தால் சிக்கல்.

அக்டோபரில் நிதி திரட்ட வெளிநாடு செல்லக் கேரள அமைச்சர்களுக்கு டெல்லி அனுமதி தரவில்லை. முதலமைச்சர் மட்டும் அமீரகம் போய்வந்தார். அதே மாதம் ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடு மறுசீரமைப்புக்கு 31,000 கோடி வேண்டும் என்றது. 2019 ஜூனில் உலக வங்கி 25 கோடி டாலர் தந்தது. அது கடன். கடனுக்கு யாரும் ரோஷப்படவில்லை.

அடுத்த மாதமே அந்த எண்ணின் ஒரு சிறு துண்டு கரையேறியது. வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காக ஒரு கோடி திர்ஹாம், நம் கணக்கில் ஏறக்குறைய 20 கோடி ரூபாய், தருவதாக அமீரகச் செம்பிறைச் சங்கம் கேரள அரசின் வீட்டுத் திட்டமான லைஃப் மிஷனோடு ஒப்பந்தம் போட்டது. திருச்சூர் மாவட்டம் வடக்காஞ்சேரியில் 140 வீடுகள் கொண்ட அடுக்குமாடி எழத் தொடங்கியது. கமிஷன் புகார் கிளம்பி, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறியதாக 2020 செப்டம்பரில் சிபிஐ வழக்குப் பதிந்தது. கட்டடம் பாதியில் நின்றது.

டெல்லி மறுத்ததில் தவறில்லை. ஒரு நாடு தன் காலில் நிற்பேன் என்று சொல்லலாம். ஆனால் ஏற்கலாம் என்று திட்டத்தில் அச்சடித்துவிட்டு, ஏற்கமாட்டேன் என்று வாயால் சொன்னதுதான் குழப்பம். யார் தரலாம், எந்தக் கணக்கில் போடலாம், யார் எத்தனை நாளில் பதில் சொல்வது என்பதெல்லாம் வெள்ளம் வருமுன் எழுத்தில் இருந்திருந்தால், ஒரு முதலமைச்சர் வாய்வார்த்தையை நம்பி அறிவித்திருக்க மாட்டார். 2025 மே மாதம் மகாராஷ்டிர முதலமைச்சர் நிவாரண நிதிக்கு வெளிநாட்டு நன்கொடை பெறும் அனுமதியை மத்திய உள்துறை வழங்கியது. ஒரு மாநிலத்துக்கு முடிவது எல்லா மாநிலத்துக்கும் முடியும். அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன் அந்த அனுமதி ஆணைகளை மத்திய அரசு போட்டு வைக்கட்டும்.