எழுத்துருப் பொதிவு

எழுத்துருப் பொதிவு என்பது, பக்க வடிவமைப்புக் கோப்பை மொழிபெயர்ப்புக்கு அனுப்பும்போது அதில் பயன்பட்ட எழுத்துருக்களையும் படங்களையும் ஒரே கோப்புறையில் திரட்டித் தரும் முறை. அடோபி இன்டிசைனில் ‘பேக்கேஜ்’ கட்டளை இதைச் செய்கிறது. சிஎஸ்5 (2010) பதிப்பு முதல், ஆவணத்தோடு வரும் ‘டாக்குமென்ட் ஃபான்ட்ஸ்’ உள்கோப்புறையின் எழுத்துருக்கள் கணினியில் நிறுவாமலே இயங்குகின்றன.

எழுத்துரு விடுபட்டால் மாற்றுரு புகுந்து வரிமுறிவு பிறழும். பாமினி போன்ற யுனிகோடு அல்லாத தமிழ் எழுத்துருக்களில் கேடு பெரிது. உரை முழுவதும் பொருளற்ற ரோமன் எழுத்துகளாகத் தெரியும்.

மூல எழுத்துருவில் இலக்கு மொழியின் எழுத்துகள் இல்லாதபோது, அம்மொழிக்குரிய எழுத்துருவையும் முன்கூட்டியே தேர்ந்து சேர்க்க வேண்டும். அடோபி ஃபான்ட்ஸ் சேவையின் எழுத்துருக்கள் பொதிவில் சேர்வதில்லை. பெறுபவர் தம் சந்தாவிலேயே அவற்றை இயக்கிக்கொள்ள வேண்டும். பிற எழுத்துருக்களின் நகலை அனுப்பலாமா என்பதை அவற்றின் உரிம ஒப்பந்தமே தீர்மானிக்கிறது.