சம்பளமில்லாத நாற்பது

"நாப்பது கழியாம வாசப்படி இறங்கப்படாது" என்று எங்கள் மூத்தம்மா சொல்வார். அந்த நாற்பது நாளும் பிள்ளை பெற்றவளுக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று அவர் சொன்னதில்லை. அது வீட்டார் பொறுப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சூரதுல் பகராவின் 233ஆம் வசனமும், பாலூட்டலைப் பற்றிப் பேசும் அதே இடத்தில் தாயின் உணவையும் உடையையும் தகப்பன்மேல் கடமையாக்குகிறது.

ஐரோப்பாவின் தொழிற்சாலைச் சட்டங்களோ ஓய்வு வேறு, சோறு வேறு என்று பிரித்தன. சுவிற்சர்லாந்தின் 1877ஆம் ஆண்டுச் சட்டம் பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக 8 வாரம் பெண்களை ஆலையில் வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. அதில் 6 வாரம் பிரசவத்துக்குப் பின். கிட்டத்தட்ட நமது நாற்பதுதான். ஆனால் சம்பளம் கிடையாது. என்னைக் கேட்டால், அது லீவு அல்ல, வேலைத்தடை. கூலி நின்றுபோனவள் என்னத்தைத் தின்பாள்? ஜேர்மனி 1878இல் 3 வாரத் தடைதான் போட்டது. ஆனாலும் 1883இன் சுகவீனக் காப்புறுதிச் சட்டம், காப்புறுதி பெற்ற பெண்களுக்கு அந்த 3 வாரத்துக்கும் பணம் கொடுத்தது.

சுவிஸ் அரசியலமைப்பில் மகப்பேற்றுக் காப்புறுதி 1945இலேயே இடம்பிடித்தது. வாக்காளர்கள் 1984, 1987, 1999 என மூன்று தடவை அதற்கான திட்டங்களைத் தோற்கடித்தார்கள். 2005 ஜூலையில்தான் 80 வீதச் சம்பளத்துடன் 14 வாரம் கிடைத்தது. 128 வருஷம்! பணம் வந்தது, படைச்சேவைக்குப் போவோரின் சம்பள இழப்பை ஈடுசெய்யும் நிதியிலிருந்து. உழைக்கும் பெண்களும் அந்த நிதிக்குப் பல்லாண்டாகப் பங்களித்து வந்தவர்கள்தான்.

சம்பளம் சேர்ந்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்பதை நோர்வே காட்டுகிறது. அங்கு சம்பளமில்லாத 12 வார லீவு, 1977 ஜூலை 1 முதல் சம்பளத்துடன் 18 வாரமானது. அந்தத் திகதிக்குச் சற்று முன்னும் பின்னும் பெற்ற தாய்மாரை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். பின்னால் பெற்றவர்களின் உடல்நலமும் மனநலமும் 40 வயதளவில் மேலாக இருந்தன. வசதி குறைந்தவர்களிடம் வித்தியாசம் கூடுதல்.

இலங்கையில் 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் காசையும் சேர்த்தே பேசியது. ஆனாலும் தனியார் துறையில், ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ள தாய்க்கு 84 நாள் 42 ஆகக் குறைந்தது. மூன்றாம் பிரசவத்தில் உடம்பு பாதி நாளில் தேறிவிடுமா? 2018இல்தான் அது திருத்தப்பட்டது. செலவு மட்டும் இன்றைக்கும் முதலாளி தலையில். புதுசாகக் கலியாணம் முடித்த பெண்ணை வேலைக்கு எடுக்கச் சின்னக் கடைக்காரர் யோசிக்கிறார் என்றால், அதற்கு இதுவும் ஒரு காரணம்.