ஒரே ஒரு பிரதி: ஒன்ச்சி கோஷிரோவின் அரூப அச்சுகள்

ஜப்பானிய மரக்கட்டை அச்சுன்னா நமக்கெல்லாம் ஹொகுசாயோட அந்தப் பெரிய அலைதான் ஞாபகம் வரும். அந்தப் பழைய முறையில படம் வரையறவர் ஒருத்தர், செர்ரி மரக்கட்டையில செதுக்குறவர் இன்னொருத்தர், அச்சடிக்கிறவர் வேற ஆள், காசு போடுற பதிப்பாளர் தனி. நிறைய பிரதி எடுக்கத்தான் அந்த ஏற்பாடே.

20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல 'சோசாக்கு ஹாங்கா'ன்னு ஒரு இயக்கம் வந்து இதை எதிர்த்தது. மூணு வேலையையும் கலைஞரே செய்யணும்னாங்க. அதுல முக்கியமான ஆள் ஒன்ச்சி கோஷிரோ. 1915லயே அரூப அச்சு போட்டவர். ஆனா இந்தப் பாணியில அவர் முழுசா இறங்கினது போருக்கு அப்புறம்தான்.

மரக்கட்டையோட அவர் நிக்கல. நூல், இலை, வெட்டின அட்டை எல்லாத்துலயும் மை தடவி அச்செடுத்தார். இலை ரெண்டு தடவை அழுத்தினாலே நசுங்கிடும், நூல் நகர்ந்துடும். அதனால பல படங்களுக்கு விரல்விட்டு எண்ணுற அளவுதான் பிரதிகள், சிலதுக்கு ஒண்ணே ஒண்ணு! என் வேலையில ஒரே கோடு ரெண்டு தடவை ஓடி ரெண்டு விதமா ரிசல்ட் வந்தா அது பக். பிரதி எடுக்கவே பிறந்த ஒரு தொழில்நுட்பத்துல இந்த மனுஷன் அந்த பக்கைத்தான் விரும்பித் தேடியிருக்கார்.

சரி, இதையெல்லாம் வாங்கினது யாரு? 1945ல டோக்கியோவைக் குண்டு போட்டு எரிச்ச அதே அமெரிக்கா. ஆக்கிரமிப்பு நிர்வாகத்துல வேலை பார்க்க வந்த ஆலிவர் ஸ்டாட்லர் மாதிரியானவங்க வாங்கிச் சேர்த்தாங்க. எனக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது. ஆனா அந்தப் பசிக் காலத்துல அவங்க காசு பல அச்சுக் கலைஞர்களுக்குப் பெரிய தெம்பா இருந்ததுங்கறதும் நிஜம்.

கேட்கறவங்க கூடக்கூட இயக்கத்தோட கொள்கையும் தளர்ந்தது. கவிஞர் ஹகிவாரா சகுதாரோவை ஒன்ச்சி 1943ல அச்சாக்கியிருந்தார். அதுல அவரே அடிச்ச பிரதிகள் ரொம்பக் கம்மி. பின்னாடி செக்கினோ ஜுனிச்சிரோ அடிச்ச பிரதிகளும் சுத்துல இருக்கு. 'எல்லாம் என் கையால'ன்னு ஆரம்பிச்ச இயக்கத்துல அச்சடிக்க மறுபடியும் இன்னொரு ஆள்!

ஸ்டாட்லர் சேர்த்ததுல பெரும்பங்கு இப்போ சிகாகோ கலைக்கூடத்துல இருக்கு. இந்தக் கலைஞர்களைப் பத்தி அவர் எழுதின புத்தகம் 1956ல வந்தது. ஒன்ச்சி அதுக்கு முந்தின வருஷமே இறந்துட்டார்.