மடிக்கணினி திடீரென மந்தமானால்

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தந்த நேர்காணல்கள் என் மடிக்கணினியில்தான் இருக்கின்றன. அது மந்தமானால் முதலில் அவற்றைப் பிரதியெடுப்பேன். பிறகே காரணம் தேடுவேன்.

விண்டோஸில் டாஸ்க் மனேஜரைத் திறந்து, கணினி வேலை செய்யும்போது புரொசசரின் வேகத்தைப் பாருங்கள். 0.8 கிகாஹேர்ட்ஸிலேயே நின்றால் ஏதோ தடுக்கிறது.

சார்ஜர்: சில கணினிகள் தமக்குரிய சார்ஜரென்று அடையாளம் காணாவிட்டால் வேகத்தைக் குறைத்துவிடும். சரியான வாட் அளவுள்ள சார்ஜரை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

வெப்பம்: 100 பாகை செல்சியஸை நெருங்கினால் புரொசசர் தன்னைக் காக்க வேகம் குறையும். விசிறியின் தூசியை அகற்றுங்கள்.

அமைப்பு: பவர் ஒப்ஷன்ஸில் புரொசசரின் உச்ச நிலை 100 வீதமா எனப் பாருங்கள்.

மூன்றும் சரியென்றால்தான் திருத்தக் கொடுக்கவேண்டும். அப்போதும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டே கொடுப்பேன். என்னை நம்பிப் பேசியவர்களின் பெயர்கள் அதில் உள்ளன.