ஐந்து வெற்றிடங்கள்

1994 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்துக் கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களைக் கணினியிற் கூட்டிவந்தார். விடை பிழைத்தது. தம் கணக்கையே முதலில் ஐயுற்றவர், சில மாதச் சோதனையின் பின்னரே, குற்றம் இன்ரெல் நிறுவனத்தின் பென்ரியம் சில்லினுடையது எனத் தெளிந்தார்.

வகுத்தலுக்கென அச்சில்லினுள் ஓர் அட்டவணை பொறிக்கப்பட்டிருந்தது. நிரப்பவேண்டிய 1,066 இடங்களுள் 5 விடுபட்டுப்போயின. 900 கோடி வகுத்தல்களில் ஒருமுறையே பிழை நேரும் என நிறுவனம் கணித்தது. அத்துணை அரிய பிழை, விற்பனைக்கு முந்திய சோதனைகளிற் சிக்கவில்லை. சில்லுகளை மாற்றிக் கொடுக்கும் பொருட்டு, 47.5 கோடி டொலர் ஒதுக்க நேர்ந்தது.

சில எண்களை இட்டுப் பார்த்தல் போதாது. எல்லா எண்களுக்கும் வடிவமைப்புச் சரியென்பதைக் கணிதத்தால் நிறுவுதல் வேண்டும் என்னும் கொள்கை, அதன் பின்னரே சில்லுத் தொழிலில் வலுப்பெற்றது.