பிந்தி வந்த பாலம்

அமெரிக்காவில் பெரிய ஊர் எது என்று கேட்டால் யோசிக்காமல் நியூயார்க் என்பார்கள். இரண்டாவது எது என்று கேட்டால்தான் தகராறு தொடங்கும். இன்று அந்த இடம் லாஸ் ஏஞ்சலிஸுக்கு. அதற்கு முன் கிட்டத்தட்ட நூறு ஆண்டு சிகாகோ அதில் உட்கார்ந்திருந்தது. ஆனால் 1860களில், மேற்கு அமெரிக்காவின் தலைநகரம் எது என்று பந்தயம் கட்டியிருந்தால் பாதிப் பேர் செயின்ட் லூயிஸ் மேல்தான் பணம் வைத்திருப்பார்கள்.

நான் தென்னக ரயில்வேயில் திருச்சி கோட்டத்தில் கன்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் சிகாகோவுக்கு வெளியே ஒரு புறநகரில் இருக்கிறாள். மகன் செயின்ட் லூயிஸில். எந்த வீட்டில் சாப்பிடுகிறேனோ அந்த ஊரின் பெருமையைக் கேட்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. இரண்டு ஊர் நூலகங்களிலும் உட்கார்ந்து படித்ததில் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வந்தது. சிகாகோக்காரர்கள் சுறுசுறுப்பு, செயின்ட் லூயிஸ்காரர்கள் ஆற்றை நம்பிச் சோம்பி இருந்துவிட்டார்கள், அதனால் தோற்றார்கள் என்பது அந்தக் கதை. எனக்கு இது ஒப்பவில்லை. தண்டவாளம் எவன் சுறுசுறுப்பு என்று பார்த்துப் போவதில்லை. பணம் போட்டவன் கை காட்டும் திசையில் போகும்.

செயின்ட் லூயிஸ் மூத்த ஊர். 1764இல் பியேர் லக்லேட் என்ற பிரெஞ்சு வியாபாரியும், பதின்ம வயதுப் பையனான ஓகுஸ்ட் ஷூட்டோவும் ரோமத்தோல் வாங்கி விற்க அமைத்த கிடங்கிலிருந்து வளர்ந்தது. மிசௌரி ஆறு மிசிசிப்பியில் கலக்கும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே, வெள்ளம் ஏறாத மேட்டில் இடம் பிடித்தார்கள். நீராவிப் படகுகள் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வரும் சரக்கு அங்கே இறங்கி, சின்னப் படகுகளில் ஏறி, மேற்கே போனது. 1850இல் 77,860 பேர். அதே ஆண்டு சிகாகோவில் 29,963 பேர்தான். 1833இல் சில நூறு பேரோடு ஊராகப் பதிவான சதுப்பு நிலம் அது.

சிகாகோவுக்கு எல்லாம் ஒன்றுகூடி வந்த ஆண்டு 1848. மிச்சிகன் ஏரியையும் இல்லினாய் ஆற்றையும் இணைக்கும் கால்வாய் திறந்தது. தானிய வியாபாரிகள் ‘போர்டு ஆஃப் டிரேடு’ தொடங்கினார்கள். வில்லியம் ஆக்டன் தலைவராக இருந்த கலீனா ரயில் கம்பெனியின் முதல் வண்டி, ‘பயனியர்’ என்ற பழைய எஞ்சினோடு ஓடியது. இந்த ஆக்டன்தான் ஊரின் முதல் மேயர். உறவினர் வாங்கிப் போட்ட நிலத்தை விற்றுவிட்டுப் போகலாம் என்று நியூயார்க்கிலிருந்து வந்தவர், தங்கிவிட்டார். அடுத்த ஆண்டே, 1849 மே மாதம், செயின்ட் லூயிஸ் படித்துறையில் நின்ற ‘ஒயிட் கிளவுட்’ படகில் பிடித்த தீ மற்ற படகுகளுக்குப் பரவி, ஊரின் வியாபாரப் பகுதியைத் தின்றது. அதே கோடையில் காலரா ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது.

ஆனாலும் செயின்ட் லூயிஸ் ரயில் போடாமல் சும்மா இருந்தது என்பது பொய். 1852லேயே அங்கிருந்து மேற்கே ‘பசிபிக் ரயில்ரோடு’ வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. அந்தப் பாதையின் அகலத்தைப் படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்: ஐந்தடி ஆறு அங்குலம். நம்ம பிராட் கேஜேதான்! ஆற்றுக்கு அக்கரையில், கிழக்கிலிருந்து வந்த ஒஹையோ–மிசிசிப்பி ரயில்பாதை ஆறடி அகலம். சிகாகோவுக்கு வந்த முக்கியமான பாதைகள் நான்கடி எட்டரை அங்குலம். திருச்சி யார்டில் மீட்டர் கேஜ் வேகனிலிருந்து பிராட் கேஜ் வேகனுக்கு மூட்டை மாற்றும் டிரான்ஷிப்மென்ட்டைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தாமதம், உடைசல், திருட்டு, கூலி, பிறகு கிளெய்ம் வழக்கு. செயின்ட் லூயிஸில் இவற்றோடு நடுவில் ஓர் ஆறும் இருந்தது. வந்த மூட்டையை இறக்கி, படகில் ஏற்றி, அக்கரையில் மறுபடி இறக்கி ஏற்ற வேண்டும். அந்த ஓடத்துறையோ ‘விக்கின்ஸ் ஃபெர்ரி’ கம்பெனியின் கையில். மேற்கே போன பாதையை நிலையான அகலத்துக்கு மாற்ற 1869 ஆகிவிட்டது.

அந்தப் பாதையின் கதையில் ஒரு கறுப்பு நாளும் உண்டு. 1855 நவம்பர் 1 அன்று, மிசௌரி மாநிலத் தலைநகர் ஜெஃபர்சன் சிட்டி வரை பாதை முடிந்த விழாவுக்கு ஊர்ப் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு சிறப்பு ரயில் கிளம்பியது. கேஸ்கனேட் ஆற்றுப் பாலம் முழுசாக முடியவில்லை. தற்காலிக மரச்சட்டத்தின் மேல் வண்டியை விட்டார்கள். மழை. எஞ்சினோடு பெட்டிகள் ஆற்றில் விழுந்தன. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விழா தேதியைச் சொல்லிவிட்டோம் என்பதற்காக முடியாத பாலத்தில் வண்டி விடுவது எந்த நாட்டு ரயில்வேக்கும் புதிதல்ல. அதை இங்கே விரிக்க வேண்டாம்.

அடுத்த ஆண்டு சண்டை நேருக்கு நேர் வந்தது. 1856 ஏப்ரலில் ராக் ஐலண்டில் மிசிசிப்பியின் குறுக்கே முதல் ரயில் பாலம் திறந்தது. சிகாகோ வண்டி ஐயோவா மண்ணைத் தொட்டது. இரண்டே வாரத்தில் ‘எஃபி ஆஃப்டன்’ என்ற நீராவிப் படகு பாலத்தின் தூணில் மோதித் தீப்பிடித்தது. படகோடு பாலத்தின் ஒரு பகுதியும் எரிந்தது. படகுக்காரர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். பின்னால் நின்றவர்கள் செயின்ட் லூயிஸ் வியாபாரிகளும் படகு முதலாளிகளும். பாலக் கம்பெனிக்காக 1857இல் சிகாகோ நீதிமன்றத்தில் வாதாடியவர்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். ஆற்றோடு மேலும் கீழும் போக ஒருவனுக்கு எவ்வளவு உரிமையோ, குறுக்கே கடக்க இன்னொருவனுக்கும் அவ்வளவு உரிமை உண்டு என்பது அவர் வாதத்தின் சாரம். ஜூரிகள் ஒத்துப்போகவில்லை, தீர்ப்பு வரவில்லை. பாலம் நின்றது. அதுவே சிகாகோவுக்குப் போதும்.

சுறுசுறுப்பு என்கிறார்களே, அது யாருடைய சுறுசுறுப்பு என்றும் பார்க்க வேண்டும். 1852இல் சிகாகோவுக்குள் வந்த ‘மிச்சிகன் சென்ட்ரல்’ பாதையின் பின்னால் இருந்தவர் பாஸ்டனின் ஜான் மரே ஃபோர்ப்ஸ். சீன வியாபாரத்தில் சம்பாதித்த பணக்காரர். அவருடைய கூட்டம் சிகாகோவிலிருந்து மேற்கே போகும் பர்லிங்டன் பாதையில் பணம் போட்டது. பிறகு மிசௌரி மாநிலத்துக்குள்ளேயே, வடக்கே குறுக்காக ஓடி 1859இல் முடிந்த ஹேனிபல்–செயின்ட் ஜோசப் பாதையிலும் போட்டது. 1869இல் அதே பாதைக்காக கேன்சஸ் சிட்டியில் மிசௌரி ஆற்றின் மேல் பாலம் எழுந்தது. மிசௌரிக்காரனின் மாடு, மிசௌரி மண்ணில் ஏறி, செயின்ட் லூயிஸை எட்டிக்கூடப் பார்க்காமல் சிகாகோவின் ‘யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ்’ இறைச்சிக் கூடங்களுக்குப் போனது. சிகாகோ பாய்ந்தது என்பதைவிட, பாஸ்டனும் நியூயார்க்கும் சிகாகோவைத் தங்கள் கையாக நீட்டின என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மிசௌரி அடிமை முறை இருந்த மாநிலம். வடக்குப் பணத்துக்கு அந்த மண்ணில் காலூன்றத் தயக்கம் இருந்தது. 1861இல் உள்நாட்டுப் போர் வந்து மிசிசிப்பியை மூடியது. 1863 ஜூலையில் விக்ஸ்பர்க் விழும்வரை தெற்கே வியாபாரம் கிடையாது. வடக்குப் படைக்கான தானியமும் இறைச்சியும் சிகாகோ வழியாகப் போயின. இதில் சோம்பல் எங்கே இருக்கிறது?

இவ்வளவுக்கும் பிறகு செயின்ட் லூயிஸ் கட்டிய பாலம் உலகத் தரமானது. அங்கும் சிகாகோ மூக்கை நுழைத்தது. லூசியஸ் பூமர் என்ற சிகாகோ பாலக் கான்ட்ராக்டர் எதிர்க் கம்பெனி ஒன்றுக்கு உரிமம் வாங்கிக் குறுக்கே நின்றார். இரண்டும் இணைந்த பிறகுதான் வேலை நகர்ந்தது. பாலத்தைக் கட்டிய ஜேம்ஸ் ஈட்ஸ் அதற்கு முன் பாலமே கட்டியதில்லை. ஆற்றடியில் மூழ்கிய படகுகளிலிருந்து சரக்கெடுத்துச் சம்பாதித்தவர் என்பதால், மிசிசிப்பியின் அடிமணல் எப்படி ஓடும் என்பது மற்ற எஞ்சினியர்களைவிட அவருக்குத் தெரியும். பாறை தட்டும்வரை தூணை இறக்க வேண்டும் என்று நின்றார். காற்றழுத்தப் பெட்டிக்குள் இறங்கித் தோண்டிய தொழிலாளிகள் மேலே வந்ததும் மூட்டு முடங்கி விழுந்தார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அழுத்தத்தை மெல்லக் குறைக்க வேண்டும் என்பது அப்போது சரியாகத் தெரியாது. பெரிய அளவில் எஃகைக் கொண்டு கட்டிய முதல் பாலம் அது. நடு வளைவு 520 அடி. 1874 ஜூனில் யானை ஒன்றை நடத்திப் பார்த்தார்கள், பிறகு 14 எஞ்சின்களை ஓட்டினார்கள், ஜூலை 4 அன்று கோலாகலமாகத் திறந்தார்கள்.

பாலம் தயார், ஓட வண்டி இல்லை. ரயில் கம்பெனிகள் பழையபடி கிழக்குக் கரையிலேயே நின்றன. மறு ஆண்டே பாலக் கம்பெனி திவால். பாலம் ரயில் முதலாளி ஜே கூல்ட் கைக்குப் போனது. பிறகு 1889இல் உருவான ‘டெர்மினல் ரயில்ரோடு அசோசியேஷன்’ என்ற ஒரே அமைப்பு ஆற்றைக் கடக்கும் வழிகளை ஒவ்வொன்றாக வளைத்தது. கிழக்கிலிருந்து வரும் சரக்குக்கு அக்கரை வரை ஒரு கட்டணம், பாலத்துக்குத் தனியாக இன்னொன்று. அரசு வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்க 1912 ஆனது. ராக் ஐலண்ட் பாலத்துக்குப் பதினெட்டு ஆண்டு பிந்தி வந்ததோடு, வந்த பாலமும் சுங்கச்சாவடியாகிவிட்டது. செயின்ட் லூயிஸ் தோற்ற இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

தோற்கிறோம் என்று தெரிந்தவுடன் வாய்தான் பெரிதாகும். லோகன் ரேவிஸ் என்ற பத்திரிகைக்காரர், நாட்டின் தலைநகரையே வாஷிங்டனிலிருந்து செயின்ட் லூயிஸுக்குப் பெயர்க்க வேண்டும் என்று கிளம்பினார். 1869இல் அதற்கு மாநாடும் நடந்தது. உலகத்தின் வருங்கால மாநகரம் எங்கள் ஊர்தான் என்று 1870இல் புத்தகம் போட்டார். அதே ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் சிகாகோ 2,98,977. செயின்ட் லூயிஸ் 3,10,864. நாட்டில் நான்காவது ஊர் என்று கொண்டாடினார்கள். 1880இல் சிகாகோ 5,03,185 ஆனது. செயின்ட் லூயிஸ் 3,50,518. பத்தாண்டில் வெறும் 40,000 கூடுதலா என்று எல்லோரும் விழித்தார்கள். 1870 கணக்கு ஊதிப் பெருக்கியது, சிகாகோவின் எண்ணிக்கை வரும்வரை காத்திருந்து அதற்கு மேல் போட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். இதில் செயின்ட் லூயிஸை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 1890இல் மினியாபொலிஸும் பக்கத்து செயின்ட் பாலும் இதே வேலையில் இறங்கின. ஒரு ஊர் கணக்கெடுப்பாளரை இன்னொரு ஊர்க்காரர்கள் கைது செய்ய வைத்தார்கள். மறுபடி எண்ணியபோது செத்தவர்கள் பட்டியலில் இருந்தார்கள். செயின்ட் பால் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கானோர் குடியிருப்பதாகவும் எழுதியிருந்தது. முப்பது வருடம் ரயில்வேயில் இருந்த நானே நிலையத்தில் அவ்வளவு பேரைக் குடிவைத்ததில்லை.

சிகாகோ இன்னும் சாமர்த்தியமாக எண்ணிக்கையைக் கூட்டியது. 1889இல் ஹைட் பார்க், லேக், லேக் வியூ, ஜெஃபர்சன் என்று சுற்றியிருந்த ஊர்களை வாக்கெடுப்பு வைத்துச் சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டுக் கணக்கில் 10,99,850; பிலடெல்பியாவைத் தாண்டி இரண்டாமிடம். நியூயார்க்குக்கே பயம் வந்தது. 1898இல் புரூக்ளினைச் சேர்த்துக்கொண்டதில் அந்தப் பயத்துக்கும் பங்கு உண்டு. செயின்ட் லூயிஸோ இதற்கு நேர்மாறாக, 1876லேயே கிராமப்புற வரிச் சுமை எதற்கு என்று தன் மாவட்டத்திலிருந்து பிரிந்து, 61 சதுர மைல் எல்லைக்குள் தன்னைப் பூட்டிக்கொண்டது. அந்த எல்லை இன்றுவரை அசையவில்லை.

கொலம்பஸ் வந்த நானூறாம் ஆண்டுக் கண்காட்சி யாருக்கு என்ற போட்டியில் 1890 பிப்ரவரி 24 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் எட்டுச் சுற்று வாக்கெடுப்பு. கடைசிச் சுற்றில் சிகாகோ 157, நியூயார்க் 107, செயின்ட் லூயிஸ் 25, வாஷிங்டன் 18. அந்த வாக்கெடுப்பு நம் பக்கத்தையும் தொட்டது. அளசிங்கப் பெருமாளும் சென்னை இளைஞர்களும் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த பணத்தில் கப்பலேறிய விவேகானந்தர், 1893 செப்டம்பர் 11 அன்று அந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வமத சபையில் பேசினார். அந்த வாக்குகள் செயின்ட் லூயிஸ் பக்கம் சாய்ந்திருந்தால் நம் பாடப் புத்தகத்தில் ‘செயின்ட் லூயிஸ் சொற்பொழிவு’ இருந்திருக்கும். செயின்ட் லூயிஸ் 1904இல் தன் கண்காட்சியை நடத்தியது, சிகாகோவைவிடப் பெரிய மைதானத்தில். சிகாகோவுக்குக் கொடுத்திருந்த ஒலிம்பிக்கையும் பிடுங்கிக்கொண்டது. அது மட்டும்தான் செயின்ட் லூயிஸ் பறித்தது. அந்த ஒலிம்பிக்கும் பேர் சொல்லும்படி நடக்கவில்லை.

கடைசிச் சண்டை சாக்கடைக்கு. சிகாகோ தன் ஆற்றையே திருப்பி, ஏரிக்குப் போன கழிவைக் கால்வாய் வெட்டி மிசிசிப்பி பக்கம் விட்டது. தடை உத்தரவு வந்துவிடுமோ என்று 1900 ஜனவரி 2 அன்று அவசரமாகத் திறந்தார்கள். மிசௌரி மாநிலம் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1906இல் நீதிபதி ஹோம்ஸ், பாதிப்பு நிரூபணமாகவில்லை என்றார். உங்கள் மாநிலத்து ஊர்களும் அதே ஆற்றில்தானே கழிவு விடுகின்றன என்பதையும் சுட்டிக்காட்டினார்.

சிகாகோவிலிருந்து செயின்ட் லூயிஸுக்குப் போகிறவர்கள் காரை விட்டுவிட்டு ஆம்ட்ராக் ரயிலில் போங்கள். சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். போனதும் ஈட்ஸ் பாலத்தில் நடந்து பாருங்கள், கீழ்த்தளத்தில் நகர ரயில் இன்றும் ஓடுகிறது. 1894இல் ஒரே கூரையின் கீழ் 32 தண்டவாளங்களோடு திறந்த யூனியன் ஸ்டேஷன் இப்போது ஓட்டலும் மீன் காட்சியகமும். சுற்றுப்புறங்களையும் சேர்த்தால் அங்கே 28 லட்சம் பேர் வாழ்கிறார்கள். ஆனால் 1876இல் போட்ட எல்லைக்குள் 2020இல் எண்ணியபோது 3,01,578 பேர். ஊதிப் பெருக்கிய 1870 கணக்கைவிட ஒன்பதாயிரம் குறைவு.